புது அறுவடைச் சீன கிரீன் டீ: ஏழு பேர் குடித்தோம், எல்லாமே கசந்தது, ஏன்?

மாலைக்கோப்பை:
வணக்கம். இந்த வசந்தத்தில் பறித்த நாலு கிரீன் டீயை வரவழைத்து, ஏழு பேர் கூடி ருசி பார்த்தோம். லாங்ஜிங், பீலுவோச்சுன், அன்ஜி பாய்ச்சா, தாய்பிங் ஹௌகுய். ஒவ்வொன்றிலும் 3 கிராம், 150 மில்லி கொதிநீர், 4 நிமிடம். தேயிலை மதிப்பிடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று படித்திருந்தேன். மூன்றாவது கோப்பைக்குள் எல்லார் முகமும் சுருங்கிவிட்டது. பீலுவோச்சுன் கலங்கலாக வேறு இருந்தது. போன வருடச் சரக்கோ என்று ஒருவர் கிளப்பிவிட, பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை. அப்புறம், பாய்ச்சா என்றால் வெள்ளைத் தேநீராமே, அது எப்படி கிரீன் டீ ஆகும்? ஏமாந்துவிட்டேனா?

சுனைவிரும்பி:
ஏமாறவில்லை. நீங்கள் செய்தது இலையின் குறையைக் கண்டுபிடிக்கிற முறை. கொதிநீரில் புகை வாடை, தீய்ந்த வாசனை, பழசு எதுவும் ஒளிய முடியாது. மதிப்பிடுகிறவர் ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். நீங்களோ கோப்பை கோப்பையாக விழுங்கியிருக்கிறீர்கள்!

பீலுவோச்சுன் கலங்கல் அழுக்கில்லை, சுனை, அதாவது துளிர் மேலிருக்கும் மெல்லிய முடி. தாய்ஹு ஏரியோரத்து டோங்டிங் மலையில் மொட்டும் அதை ஒட்டிய ஓர் இளம் இலையுமாகக் கிள்ளுகிறார்கள். உயர்தரத்தில் அரைக் கிலோவுக்கு அறுபதாயிரம் துளிருக்கு மேல் போகும். மொட்டைப் போர்த்திய வெள்ளைச் சுனைதான் நீரில் உதிர்கிறது. தம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், மினுமினுவென்று மிதக்கும். நானும் முதல் தடவை அதைத் துணியில் வடிகட்டிக் கொட்டியவன்தான், இன்றைக்கும் வயிறெரிகிறது. 75 டிகிரி நீரை முதலில் ஊற்றி, மேலே இலையைத் தூவுங்கள். சுருள் ஒவ்வொன்றாக மூழ்கும். அதைப் பார்ப்பதற்கே ஏழு பேரும் குனிவார்கள்.

இளங்காற்று:
பாய்ச்சா விஷயம்: அந்தச் செடியின் துளிர் வசந்தக் குளிரில் வெளிறி, ஏறக்குறைய வெள்ளையாக வரும். வெயில் ஏறினால் பச்சையாகிவிடும். பெயர் இலையின் நிறத்துக்கு. பக்குவம் கிரீன் டீயினுடையதுதான்: பறித்ததும் சூடு காட்டி, இலை கருக்காமல் நிறுத்துகிறார்கள். உண்மையான வெள்ளைத் தேநீரில் அந்தச் சூடு கிடையாது, வாடவிட்டு உலர்த்துவதோடு சரி. அன்ஜியில் அமினோ அமிலம் அதிகம், அதனால்தான் சூப் போல ஒரு ருசி.

அளவுக்கரண்டி:
சுனைவிரும்பியோடு எனக்குப் பாதி ஒப்புதல்தான். ஒன்றுக்கு 75, இன்னொன்றுக்கு 85 என்று வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது நீரின் சூட்டை, இலையை அல்ல. முதல் சுற்று கொதிநீரில், ஆளுக்கு ஒரே ஒரு கரண்டி. அப்புறம் அவரவர் இஷ்டம்.

மாலைக்கோப்பை:
சரி, இரண்டு சுற்று. எதை முதலில் குடிப்பது? எல்லாமே சிங்மிங்குக்கு (முன்னோரை வணங்கும் சீனத் திருநாள்) முந்தைய பறிப்பாக வாங்கியிருக்க வேண்டுமோ?

சுனைவிரும்பி:
அன்ஜி, பீலுவோச்சுன், ஹௌகுய், கடைசியில் லாங்ஜிங். வாணலியில் வறுபட்ட அந்த வாசனை நாக்கில் உட்கார்ந்துவிட்டால் அன்ஜி வெந்நீர் போலத்தான் இருக்கும்.

ஏப்ரல் 4, 5 வாக்கில் வரும் சிங்மிங்குக்கு முந்தியது என்ற பெருமை லாங்ஜிங்குக்கும் பீலுவோச்சுனுக்கும் உண்டு. ஹௌகுய் பெரிய இலை, ஏப்ரல் 20ஐ ஒட்டித்தான் பறிப்பே தொடங்கும். அதில் 'சிங்மிங்குக்கு முந்தியது' என்று யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள். அதற்கு உயரமான தம்ளர் வேண்டும், காம்பு கீழே இருக்க நிறுத்திவையுங்கள். கிண்ணத்தில் போட்டால் மடங்கிக் கிடக்கும்.

மாலைக்கோப்பை:
உயரமான தம்ளர் ஒன்றுதான் இருக்கிறது. அதில் பேனா வைத்திருக்கிறேன். கழுவிவிடுகிறேன்.