அந்தப் பச்சைக் கடல் படத்தில் இல்லை

பாம்பன்தோணி:
2019 செப்டம்பர், மன்னார் வளைகுடாவில் பூங்கோரை வந்த நேரம், அதாவது நுண்ணுயிர் பெருகிக் கடலே பச்சையாகிவிடும் காலம். செயற்கைக்கோள் காட்டும் கடல்நீரின் பச்சைய (குளோரோபில்) அளவு சரிதானா என்று பார்க்க நீர் எடுக்கப் போயிருந்தோம். வாளியைத் தூக்கியதும் படகோட்டி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படி ஒரு நாற்றம். அரைத்த கீரையின் நிறம். உள்ளங்கையில் அள்ளினால் கசகசா போல உருண்டைகள், கண்ணுக்கே தெரிந்தன: நாக்டிலுகா என்ற ஒற்றைச் செல் உயிர். செத்த ஓரா மீன் ஒன்று மிதந்து வந்து படகில் முட்டி நின்றது.

கரைக்கு வந்து மோடிஸ் (நாசா செயற்கைக்கோளில் உள்ள கருவி) எடுத்த படத்தைத் திறந்தால் எங்கள் இடத்தில் மேகம், வெறும் வெள்ளை. மறுநாளும் மேகம். எட்டு நாள் சராசரிப் படத்தில் அங்கே எதுவுமே நடக்காதது போல இளம்பச்சை. அந்த வெள்ளைக் கட்டம் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

வண்டல்:
மேகம் இல்லாமலிருந்தாலும் படம் தரும் பச்சைய எண்ணை நம்பியிருக்க முடியாது. தீவுகளை ஒட்டி ஆழம் குறைவு. அடித்தரையின் வெளிச்சமும் சேர்ந்துவிடும். வங்கத்தில் ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்தில் படம் பச்சையம் கொழிக்கிறது என்றது. 200 மில்லி வடிப்பதற்குள் வடிதாள் அடைத்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தேன், செங்கல் பொடி தடவியது போல இருந்தது. அத்தனையும் வண்டல். கடலிலிருந்து வரும் நீல ஒளியையும் பச்சை ஒளியையும் ஒப்பிட்டுப் பச்சையத்தைக் கணக்கிடும் அந்தச் சூத்திரம் ஆழ்கடலுக்கானது.

கடலோடிமகள்:
வண்டல் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. இன்காய்ஸ் (ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம்) செயற்கைக்கோள் படங்களை வைத்து அனுப்பும் மீன்வளப் பகுதித் தகவலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை: திசை, தூரம், ஆழம். ஒருமுறை நானும் உடன் போனேன். சொன்ன இடத்துக்குச் சற்று முன்னாலேயே கடலில் ஒரு கோடு. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை, நடுவே நுரை. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு, பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் பிசகலாம். அந்தக் கோடு பொய்யில்லை.

வடிதாள்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். கப்பலில் உறைபெட்டி நின்றுபோய் ஒரு வார மாதிரிகள் வீணாயின. இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு முன்பின் மூன்று மணி நேரத்துக்குள் நீர் எடுங்கள். மோடிஸ் கருவியைச் சுமக்கும் அக்வா செயற்கைக்கோள் பல ஆண்டுகள் மதியம் ஒன்றரை மணியளவில் கடந்தது; 2022 முதல் அந்த நேரம் தள்ளிப்போய்விட்டது, அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்டிலுகா மேலே மிதக்கும். மேல்நீரை மட்டும் வாளியில் அள்ளினால் அளவு தாறுமாறாகிவிடும், கொஞ்சம் கீழிருந்தும் எடுங்கள். குப்பியைக் கலக்காமல் வடிக்காதீர்கள். மங்கிய வெளிச்சத்தில், குறைந்த உறிஞ்சு அழுத்தத்தில் வடியுங்கள். தாளை அலுமினியத் தாளில் சுற்றி உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். வானத்தில் எவ்வளவு மேகம் என்பதையும் குறித்து வையுங்கள். செயற்கைக்கோளுக்கு வந்து சேரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் காற்றுமண்டலம் சிதறடித்தது, கடலுடையது மிச்சம்தான்.

பாம்பன்தோணி:
வடிதாள், மேகத்தை அன்று குறித்துத்தான் வைத்தேன். கடலோடிமகள், உங்கள் அப்பா பூங்கோரை நாட்களில் கடலுக்குப் போனாரா? எந்த நாள், எந்தத் தீவுக்கு அருகில் பச்சையாக இருந்தது என்று அவருக்கு நினைவிருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். என் குறிப்பேட்டில் அந்த வாரத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.