‘ஸ்டாப்டு’ என்று வந்த பிறகும் சர்வர் 8000 போர்ட்டை விடவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். உபுண்டுவில் ஜாங்கோ (பைத்தானில் வலைத்தளம் உருவாக்க உதவும் கட்டமைப்பு) கற்றுக்கொண்டிருக்கிறேன். அதன் சோதனை சர்வரான ரன்சர்வர் ஓடிக்கொண்டிருந்தபோது கண்ட்ரோல் இசட் அழுத்தினேன். டெர்மினலில் ‘ஸ்டாப்டு’ என்று வந்ததால் சர்வர் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மறுபடி தொடங்கினால், போர்ட் (சர்வர் இணைப்புகளை வாங்கும் எண்ணிட்ட வாசல்) ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. பிரௌசரில் 127.0.0.1:8000 திறந்தால் பக்கமும் வரவில்லை, பிழையும் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேறொரு டெர்மினலைத் திறந்து, போர்ட்டைப் பிடித்திருக்கும் புராசஸின் (ஓடும் நிரலின்) எண்ணைத் தேடியெடுத்து, அதை முடிக்க ‘கில்’ கட்டளை கொடுத்தேன். அசையவே இல்லை. நேற்று இதே சிக்கலுக்குக் கணினியையே அணைத்துப் போட்டேன். நாளை காலை புராஜெக்ட்டைக் காட்ட வேண்டும்.

பதில்:
தம்பி, கணினியை அணைக்க வேண்டாம். ‘ஸ்டாப்டு’ என்ற அந்தச் சொல்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. கண்ட்ரோல் இசட் புராசஸை முடிப்பதில்லை, இருந்த இடத்தில் உறைய வைக்கிறது. முடிப்பது கண்ட்ரோல் சி. உறைந்த சர்வரின் கையில் போர்ட் அப்படியே இருக்கிறது. பிரௌசர் வந்து தட்டும்போது இணைப்பை ஏற்பது இயங்குதளத்தின் மையமான கர்னல், ஜாங்கோ அல்ல. கதவு திறக்கிறது, உள்ளே பதில் சொல்ல ஆள் விழித்திருக்கவில்லை. வட்டம் சுற்றுவது அதனால்தான்.

‘கில்’ வெறுமனே கொடுத்தால் 15-ஆம் சிக்னல், அதாவது ‘முடித்துக்கொள்’ என்ற செய்தி, புராசஸுக்குப் போகும். உறைந்த புராசஸ் மறுபடி ஓடத் தொடங்கும் வரை அது காத்துக்கிடக்கும். முதலில் ‘ஜாப்ஸ்’ என்று அடித்து, உறைந்த வேலைகளின் பட்டியலைப் பாருங்கள். பிறகு ‘எஃப்ஜி’ கொடுத்து சர்வரை மறுபடி ஓடவிட்டு முன்னால் கொண்டுவாருங்கள்.

கேட்டவர்:
‘ஜாப்ஸ்’ அடித்தேன் அண்ணா, ஒன்றுமே காட்டவில்லை.

பதில்:
‘கில்’ கொடுத்த புதிய டெர்மினலில் அடித்திருப்பீர்கள். ஒரு ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்), தான் தொடங்கிய வேலைகளை மட்டுமே காட்டும். கண்ட்ரோல் இசட் அழுத்திய அதே ஜன்னலுக்குப் போங்கள்.

இன்னொருவர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இணையத்தில் தேடினால், 8000 போர்ட்டில் இருக்கும் எல்லாப் புராசஸ் எண்களையும் ‘எல்எஸ்ஓஎஃப்’ என்ற கட்டளை கொண்டு எடுத்து அப்படியே ‘கில் -9’-க்குத் தள்ளும் ஒற்றை வரி கிடைக்கும். தயவுசெய்து அதை ஒட்டாதீர்கள். அந்தப் போர்ட்டோடு இணைந்திருக்கும் பிரௌசரின் எண்ணும் அந்தப் பட்டியலில் வரும். அப்படித்தான் பாதி நிரப்பிய படிவத்தோடு என் ஃபயர்ஃபாக்ஸ் போனது. ‘லிசன்’ நிலையில், அதாவது இணைப்புக்காகக் காத்திருக்கும் சர்வரின் எண்ணை மட்டும் எடுங்கள். ‘கில் -9’ அனுப்பும் 9-ஆம் சிக்னலைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிக்னலைப் புராசஸால் பிடிக்க முடியாது, திறந்ததை ஒழுங்காக மூடிவிட்டுப் போக அதற்கு வாய்ப்பே கிடைக்காது.

கேட்டவர்:
பழைய ஜன்னலில் ‘ஜாப்ஸ்’ ஒரு வரி காட்டியது. ‘எஃப்ஜி’ கொடுத்தேன். கண்ட்ரோல் சி அழுத்த விரலை வைத்தேன், அதற்குள் சர்வர் தானே முடிந்து, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் டாலர் குறி வந்துவிட்டது! ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

பதில்:
தவறே இல்லை. நீங்கள் முன்பே அனுப்பிய 15-ஆம் சிக்னல் வாசலில் காத்திருந்தது. சர்வர் கண் விழித்ததும் அதுதான் முதலில் கைக்குக் கிடைத்தது. இப்போது ரன்சர்வரைத் தொடங்கிப் பாருங்கள்.

கேட்டவர்:
8000-இலேயே ஓடுகிறது அண்ணா. முகப்புப் பக்கம் உடனே வந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.