தம்பியின் நெஞ்சுவலி: புதுப்பிப்பு

கல்லடியில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் தம்பிக்கு இடது நெஞ்சில் குத்துவலி வந்து வந்து போகிறது, மாரடைப்பாக இருக்குமோ என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. காரணம் தெரிந்துவிட்டது.

இசிஜி, மார்பு எக்ஸ்ரே, இரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் புரதம்) எல்லாம் சாதாரணம். பிறகு வைத்தியர், விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தை விரலால் அழுத்தினார். "இதே வலிதான்!" என்று தம்பி துள்ளிவிட்டான். அங்குள்ள குருத்தெலும்பில் அழற்சியாம்; கொஸ்டோகொண்ட்ரைடிஸ் என்கிறார்கள். இளையவர்களின் நெஞ்சுவலிக்கு இதயத்தைவிட இத்தகைய தசை, எலும்புக் காரணங்களே அதிகம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மாறும், சிலருக்கு மாதக்கணக்காகும். சுடுநீர் ஒத்தடம் கொடுக்கிறோம். பாரம் தூக்க விடுவதில்லை. வலி மாத்திரையான ஐபுபுரூபனை, காய்ச்சல் இருந்தால் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

"அழுத்தினால் வலித்தால் இதயம் இல்லைதானே?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அதை மட்டும் வைத்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள், அக்கா. ஓடும்போதோ விளையாடும்போதோ வலி, மயக்கம், மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காய்ச்சலுக்குப் பின் வரும் வலி, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். மெலிந்து உயர்ந்த பையன்களுக்குத் திடீரென நுரையீரல் சுருங்கி நெஞ்சு வலிப்பதும் உண்டு. இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரவென்றாலும் தயங்காமல் அழையுங்கள்.