தோடர் கோயில் கூரையில் இருப்பது என்ன புல்?

விழல்வீடு:
வணக்கம். போன மாதம் ஊட்டிப் பக்கம் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்குப் போயிருந்தோம். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி கோயில். என் தாத்தா திண்டுக்கல்லில் கூரை வேய்ந்தவர். விழல், தென்னங்கீற்று, கரும்புத் தோகை எல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்தக் கூரைப் புல் எனக்குப் பிடிபடவில்லை. என்ன புல்? விதை கிடைத்தால் எங்கள் வயலில் போடலாமா?

மலைப்பாதை:
தர்ப்பையாக இருக்கும். கோயில் காரியத்துக்கு அதைத்தானே எடுப்பார்கள்?

ஹட்டிக்காரன்:
தர்ப்பை இல்லை. தோடர்கள் அதை அவ்ஃபுல் என்பார்கள். தாவரவியலில் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி. நீலகிரியின் உயரமான சதுப்புகளுக்கே உரிய புல்.

நான் படகர். தாத்தா காலத்தில் எங்கள் ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, பக்கத்து மந்துக்குத் தானியம் போகும், அங்கிருந்து நெய் வரும். அந்தப் பழக்கத்தில் ஒருமுறை கோயில் கூரை மாற்றும்போது புல் சுமந்து கொடுத்தேன். கல்சுவருக்கு வெளியே இறக்கி வைத்ததோடு சரி, உள்ளே நமக்கு அனுமதி இல்லை. அந்தக் கோயில் எருமைப் பாலைக் கடைகிற இடமும்கூட. மூங்கிலை வளைத்துக் கட்டி, பிரம்பால் இறுக்கி, அதன் மேல் கற்றை கற்றையாக வேய்ந்தார்கள். "வீட்டுக்குத் தகரம் போட்டுக்கொள்ளலாம், சாமிக்கு இந்தப் புல்தான்" என்றார் அங்கிருந்த பெரியவர்.

அந்த ஒரு கூரைக்காக அவர்கள் எத்தனையோ சதுப்புகளுக்கு அலைந்திருந்தார்கள். முன்பெல்லாம் மந்திலிருந்து இறங்கினாலே கிடைக்குமாம். சோலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் சதுப்புதான் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்திலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பவானிசாகருக்கு வரும் தண்ணீரில் இதற்கும் பங்கு உண்டு. சில சதுப்புகளின் அடியில் இருக்கும் கருப்பு மண்ணுக்கு வயது 20,000 ஆண்டுகளுக்கு மேல்! அதில் வாய்க்கால் வெட்டித் தேயிலையும் உருளைக்கிழங்கும் போட்டோம். புல்வெளியில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) நட்டார்கள், ஒன்று ரேயான் ஆலைக்கு, மற்றது தோல் பதனிட. பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு என்று அணைகள் வந்து பல பள்ளங்கள் தண்ணீருக்குள் போயின.

எங்கள் அப்பாவும் கேரட்டுக்காகக் கீழ்ப் பள்ளத்தை வற்ற வைத்தவர்தான். அப்போது கடன் இருந்தது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் புல் அங்கே இருந்தது, இப்போது இல்லை.

மலைப்பாதை:
நன்றி, நான் தவறாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கும் அதே புல்தானா?

ஹட்டிக்காரன்:
பழைய பீப்பாய் வீடுகளும் புல்கூரைதான். இப்போது பெரும்பாலும் சிமெண்ட் வீடு, ஓடு, தகரம். கோயிலில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கிடைக்காத இடத்தில் வேறு புல்லோ தகரமோ போட்டுவிட்டு மனசு வருந்துகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

விழல்வீடு:
தாத்தா இருந்திருந்தால் அந்தக் கூரை கட்டியிருக்கும் விதத்தை ஒரு நாள் முழுக்க நின்று பார்த்திருப்பார். அப்படியென்றால் எங்கள் வயலில் வராது, இல்லையா?

ஹட்டிக்காரன்:
வராது. அதற்குக் குளிரும் வேண்டும், காலடியில் எப்போதும் ஈரமும் வேண்டும். விதைக்காக யாரிடமும் கேட்காதீர்கள், இருக்கிறதையும் பிடுங்கி விற்க ஆள் வந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கீழ்ப் பள்ளத்து வாய்க்காலை மண் போட்டு அடைத்தேன். போன மழையில் தண்ணீர் நின்றது, கோரை தலை காட்டியிருக்கிறது. மந்திலிருந்து ஒரு அண்ணன் இந்த ஜூனில் அவ்ஃபுல் வேர்க்கட்டை நாலைந்து கொண்டுவந்து தானே நட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிடித்தால் இங்கேயே எழுதுகிறேன்.