12 அங்குல சப்வூஃபர் பெட்டி ஒரே சுரத்தில் முழங்குகிறது, உதவி தேவை

சாட்ஸ்வர்த்_விவோ:
வணக்கம். என் போலோ விவோ கார் டிக்கிக்கு நானே ஒரு பெட்டி செய்தேன். 18 மி.மீ. சூப்பாவுட் (எம்.டி.எஃப்., மரத்தூள் அழுத்திய) பலகை, வெளி அளவு 70 × 38 × 36 செ.மீ. சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கர்) 12 அங்குலம், 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் சக்தி). அதன் இரண்டு 4 ஓம் காயிலையும் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) பேரலலாக இணைத்து 2 ஓம் ஆக்கியிருக்கிறேன். காற்றுப் போக 110 மி.மீ. வடிகால் குழாய் ஒன்று. அதன் உள்விட்டம் 10 செ.மீ., நீளம் 16.7 செ.மீ. 95.8 லிட்டருக்கு டியூனிங், அதாவது குழாய் முழங்கும் சுரம், 32 ஹெர்ட்ஸ் வரவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வெட்டினேன்.

ஆனால் பாஸ் கிட்டார் 40 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் கண்ணாடியே அதிர்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் கூம்பு தாறுமாறாக ஆடுகிறதே தவிரச் சத்தம் இல்லை. குழாயில் புஸ் புஸ் என்று காற்று வேறு. இரண்டு வார இறுதி இதிலேயே போய்விட்டது.

பீனிக்ஸ்_பேஸ்:
ஒரு காயிலில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். இல்லையென்றால் பேஸ் பூஸ்டை (அடிச்சத்தத்தைக் கூட்டும் திருகு) ஏற்றிப் பார்.

வெருலம்_தச்சன்:
ஒரு காயில் தலைகீழாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், சத்தமே வராது. கண்ணாடி எங்கே அதிரும்? பேஸ் பூஸ்டை முதலில் சைபரில் வை தம்பி. கூம்பு ஏற்கெனவே பிடிப்பில்லாமல் ஆடுகிறது, இன்னும் ஏற்றினால் காயில் போய்விடும்.

இரண்டு விஷயம் சொல். 95.8 லிட்டர் எந்த அளவிலிருந்து வந்தது? அப்புறம், போனில் டோன் ஜெனரேட்டர் (ஒற்றைச் சுரம் எழுப்பும்) ஆப் போட்டுக் குறைந்த ஒலியில் 60லிருந்து 25 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறங்கு. கூம்பு எந்த எண்ணில் அசைவு குறைந்து நிற்கிறது என்று பார். பெட்டி உண்மையில் எங்கே டியூன் ஆகியிருக்கிறதோ அங்கே காற்றை நகர்த்தும் வேலையைக் குழாய் எடுத்துக்கொள்ளும், கூம்பு சும்மா இருக்கும்.

சாட்ஸ்வர்த்_விவோ:
அண்ணா, 38ல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. குழாய் வாயில் கை வைத்தால் காற்று தள்ளுகிறது. 95.8 வெளி அளவுதான். பலகைத் தடிப்பைக் கழிக்கவே இல்லை.

வெருலம்_தச்சன்:
அதுதான் விஷயம். ஒவ்வொரு அளவிலும் இரண்டு பலகைக்கு 3.6 செ.மீ. கழித்தால் உள்ளே 66.4 × 34.4 × 32.4, அதாவது 74 லிட்டர். சப்வூஃபரின் காந்தமும் கூம்பைத் தாங்கும் கூடும் சேர்ந்து 3.5 லிட்டர் என்று வை, குழாயும் பிரேஸ் கட்டையும் (பெட்டியை உள்ளே தாங்கும் கட்டை) சேர்ந்து 2.5. மிஞ்சுவது 68. அதே குழாயோடு பெட்டி சிறியதானால் டியூனிங் மேலே ஏறும். 68க்குக் கணக்குப் போட்டால் 38 ஹெர்ட்ஸ், நீ கண்ணால் பார்த்த அதே எண்.

பெட்டியை உடைக்காதே. 32 வேண்டுமென்றால் குழாய் மொத்தம் 27 செ.மீ. இருக்கவேண்டும் (நீளும் குழாய் அடைக்கும் இடத்தையும் கழித்துவிட்டேன்). சப்வூஃபரைக் கழற்றினால் அந்தத் துளை வழியாகக் கை தாராளமாகப் போகும். உள்ளே ஒரு சாக்கெட் (குழாய்களை இணைக்கும் வளையம்) மாட்டி 10.3 செ.மீ. துண்டைச் சேர்த்துவிடு. குழாய் முனைக்கும் பின்பலகைக்கும் 9 செ.மீ. சொச்சம் இருக்கும். குழாயின் விட்டமளவாவது இடம் விடுவது வழக்கம், சற்றுக் குறைவுதான், ஓடும்.

ஆம்ப்ளிஃபயரில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த சுரங்களை வெட்டுவது) இருந்தால் 27, 28ல் வை. டியூனிங்குக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை.

புஸ் சத்தத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. 500 வாட்டுக்கு ஒரு 10 செ.மீ. குழாய் ஒடுக்கம். இரண்டு குழாய் போட்டால் ஒவ்வொன்றும் 60 செ.மீ.க்கு மேல் நீளம் வரும், உன் பெட்டியில் எங்கே வைப்பது? இப்போதுள்ள குழாயின் இரண்டு வாயையும் உள்ளும் புறமும் நன்றாக உருட்டித் தேய், கொஞ்சம் அடங்கும்.

நார்த்பீச்_காரன்:
திறந்த கையோடு கசிவும் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மூலைகள் நெடுக ஊதுபத்திப் புகையைக் காட்டினால், ஓட்டை உள்ள இடத்தில் புகை துடிக்கும். பலகையின் வெட்டுமுகத்துக்குத் தண்ணீர் கலந்த மரப்பசை இரண்டு கோட் கொடுத்தீர்களா? டர்பன் நகரின் ஈரக்காற்றில் சூப்பாவுட் முதலில் ஊறுவது அங்கேதான். என் பழைய பெட்டி மூன்றாவது கோடையில் அடிப்பக்கம் பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது.

சாட்ஸ்வர்த்_விவோ:
முடித்தேன். 32க்கும் 33க்கும் நடுவில் கூம்பு நிற்கிறது. பாஸ் கிட்டார் இப்போது படிப்படியாக இறங்குவது கேட்கிறது, உறுமியும் வெறும் டம் டம் இல்லை. ஒரு மூலையில் புகை துடித்தது, சிலிகான் வைத்துவிட்டேன். புஸ் பாதி குறைந்தது. ஆனால் காரின் பின்பக்கம் இன்னொரு கரகரப்பு கிளம்பியிருக்கிறதே அண்ணா, இதுவும் பெட்டியா?

வெருலம்_தச்சன்:
பாட்டு ஓடும்போது நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்திப் பார்.

சாட்ஸ்வர்த்_விவோ:
நின்றுவிட்டது. ஃபோம் டேப் வாங்கக் கிளம்புகிறேன்.