புதுப்பிப்பு: துப்பாக்கிச் சான்றிதழுக்கு யாரை நற்சான்றாளராகப் போடுவது?

பிரிட்டனில் ஷாட்கன் (சிதறு குண்டுத் துப்பாக்கி) வைத்திருப்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, என் அண்ணனையும் போலீஸில் இருக்கும் நண்பரையும் நற்சான்றாளர்களாக, அதாவது என் குணம் பற்றிப் போலீஸிடம் சொல்பவர்களாக, போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இருவருமே ஆகாது. நெருங்கிய குடும்பத்தாருக்கு இடமில்லை. பணியிலுள்ள போலீஸ்காரர், போலீஸ் ஊழியர், பதிவுபெற்ற துப்பாக்கி வியாபாரி இவர்களுக்கும் இல்லை. முன்பு ஷாட்கனுக்கு ஒருவர் போதும், 2025 ஆகஸ்ட் முதல் இருவர் வேண்டும். இருவரும் பிரிட்டனில் வசிப்பவர்களாக, நம்மோடு குறைந்தது 2 ஆண்டு நேரில் பழகியவர்களாக இருக்க வேண்டும்.

சரி, யாரைப் போட்டேன்? பக்கத்து வீட்டுக்காரரையும், கூட வேலை பார்க்கும் அக்காவையும். பெயரைக் கொடுக்கும் முன் இருவரிடமும் உட்கார்ந்து பேசினேன். அக்கா நேராகவே கேட்டார்: "உன் குடி, கோபம், மனநிலை பத்திப் போலீஸ் கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லலாமா?" தாராளமாகச் சொல்லுங்கள் அக்கா என்றேன். அப்படிக் கேட்கிறவரைத்தான் தேட வேண்டும். வீட்டில் ஆயுதம் வைக்கும் விஷயம். நமக்காகப் பூசி மெழுகும் ஆள் வேண்டவே வேண்டாம்.

விண்ணப்பம் போய்விட்டது. போலீஸ் வீட்டுக்கு வரும் தேதி இன்னும் தெரியவில்லை.