ஐந்தாம் மாதத்துக் குங்குமப்பூ

சரோஜா பெரியம்மா: கயல், ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. அருண் காஷ்மீர் டூரில் வாங்கிய குங்குமப்பூ டப்பா வந்து சேர்ந்ததா? தினமும் ராத்திரி பாலில் தாராளமாகப் போட்டுக் குடி. குழந்தை சிவப்பாகப் பிறக்கும்.

கயல்: இப்போதுதான் வந்தது பெரியம்மா. ஒரு ஸ்பூன் போடலாமா?

செல்வி அத்தை: ஐயோ, ஸ்பூனெல்லாம் வேண்டாம் கயல்! ஒரு டம்ளர் பாலுக்கு இரண்டு மூன்று இழை போதும். அண்ணி, நிறத்துக்கும் குங்குமப்பூவுக்கும் சம்பந்தமே இல்லை. அது அப்பா அம்மாவிடமிருந்து வருவது. பிரசவ வார்டில் இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நம் கயல் நிறத்திலேயே பிறக்கட்டுமே, என்ன குறை?

சரோஜா பெரியம்மா: என் மாமியார் எனக்குக் கொடுத்தார், அதனால் சொன்னேன் செல்வி. அப்போ குடிக்கவே கூடாதா?

செல்வி அத்தை: குடிக்கலாம் அண்ணி. பால் என்றாலே குமட்டுகிற பிள்ளை இந்த வாசனைக்காகக் குடித்தால் நல்லதுதானே. அளவுதான் முக்கியம். 5 கிராம் தாண்டினால் நஞ்சு. 10 கிராம் போனால் கருவே கலையலாம். மருந்துக்கடை குங்குமப்பூ மாத்திரையும் இப்போது வேண்டாம். அண்ணன் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, அவரும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

செல்வி அத்தை: கயல், முதலில் அது அசலா என்று பார். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு இழை போட்டு வை.

கயல்: போட்டதுமே சிவப்பாகச் சாயம் இறங்குகிறது அத்தை. இழை வெளுத்து, சோளக்கதிர் நார் மாதிரி கிடக்கிறது.

செல்வி அத்தை: அப்போ அது சாயம் ஏற்றிய நார்தான். அசல் என்றால் தண்ணீர் மெதுவாகப் பொன் மஞ்சளாகும், இழை சிவப்பு மாறாது.

அருண்: காஷ்மீரில் குங்குமப்பூ விளைகிற பாம்பூர் சரக்கு என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார் அத்தை. கிராம் 60 ரூபாய் என்றதும் வாங்கிவிட்டேன்.

செல்வி அத்தை: ஒரு பூவில் மூன்றே இழைதான் அருண். ஒரு கிராம் சேர 150 பூவாவது வேண்டும். அத்தனையும் கையால் பறித்து, கையாலேயே பிரிக்க வேண்டும். 60 ரூபாய்க்கு எப்படிக் கட்டுபடியாகும்?

அருண்: கயல், மன்னித்துக்கொள்மா.

சரோஜா பெரியம்மா: பாலில் எதுவும் போட்டுவிடவில்லையே கண்ணு?

கயல்: இல்லை பெரியம்மா, இப்போதுதான் பிரித்தேன்.

சரோஜா பெரியம்மா: நல்லவேளை. டப்பாவை அப்படியே குப்பையில் போட்டுவிடு. வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு நானும் வருகிறேன், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.